எட்டிலக்க நலம்

குன்னுக்குழி, திருவனந்தபுரம்
11 ஜூன் 2023

61

அன்புள்ள அண்ணனுக்கு,

சரசம்மா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே ஒரு குறையும் இல்லை. உனக்கும் குறை வரக் கூடாது என்று இன்றைக்குக் காலை ஆராதனையிலும் கேட்டுக்கொண்டேன். மேலே மூலையில் எண்ணைப் பார்த்தாயா? போன மாதம் எனக்கு வயதே பகா எண் ஆகிவிட்டது. இனி ஒரு வருஷத்துக்கு எண் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். உனக்கும் அறுபத்தேழு. அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் எதாலும் வகுக்க முடியாத வயதில் நிற்கிறோம், போ.

ஆனால் உன் போன கடிதத்தில் மூலை காலியாக இருந்ததே, அது என்ன புதுப் பழக்கம்? அப்பா போட்ட சட்டம் மறந்துபோச்சா? நெய்யாற்றின்கரை போர்டிங்கிலிருந்து நாம் எழுதும் கடிதத்தை அப்பா போனக்காட்டு மலை எஸ்டேட்டில் அம்மாவுக்கு உரக்க வாசிப்பார். அம்மாவுக்கோ நெஞ்சு பலவீனம். அதனால் காய்ச்சலோ கட்டியோ எதுவும் வாக்கியத்தில் வராது. 'நலம்' என்று எழுதிவிட்டு மூலையில் ஓர் எண் போடுவோம். எதாலும் வகுபடாத பகா எண் என்றால் சுகம். வகுபட்டால் சுகமில்லை, அப்பா அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வந்துவிடுவார். வார்த்தையில் எவ்வளவும் அளக்கலாம், எண்ணில் பொய் கூடாது. எனக்கு அம்மை போட்ட வருஷம் 15 என்று எழுதி, மறுநாள் இருட்டுவதற்குள் அப்பாவை வாசலில் பார்த்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாஷ் இதை மறக்கலாமா?

இன்னொன்று. பக்கத்து வீட்டு ரெம்யா பொன்முடிக்குப் போகிற வழியில் வித்துரா சந்தையில் உன்னைப் பார்த்தாளாம். "மாஷு ஒரு காலை இழுத்து இழுத்தாக்கும் நடக்குது ஆன்ட்டி. கேட்டா செருப்பு கடிச்சுன்னு சொல்லிச்சு" என்றாள். சர்க்கரைக்காரனுக்குச் செருப்புக் கடி விளையாட்டா, அண்ணே? உன் மச்சானுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகியும் மெடிக்கல் காலேஜ் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. பஸ் அந்த வழி போனால் முந்தின ஸ்டாப்பில் இறங்கிச் சுற்றி நடக்கிறேன். இன்னொரு ஆளோடு அந்த வார்டில் கிடக்க எனக்குத் தெம்பில்லை என்று அடக்கத்தன்றே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஆகையால் மரியாதையாகக் காலைப் பார்த்துக்கொள்.

பதிலை உடனே போடு. மூலையோடு.

உன் தங்கச்சி,
சரசம்மா


போனக்காடு
20 ஜூன் 2023

73939133

பிரியமுள்ள சரசு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நீ சுகமாயிருப்பது 61 மூலம் தெரிந்தது, கோபமாயிருப்பது மீதி எல்லாவற்றிலும் தெரிந்தது. நானும் சுகம்.

செருப்புதான் கடித்தது. செருப்பை மாற்றிவிட்டேன். ரெம்யாவின் கண்ணை என்னால் மாற்ற முடியாது.

மூலையை மறந்தது என் தப்பு. அதற்குப் பரிகாரமாக இந்தத் தடவை எட்டு இலக்கத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். மொபைலிடம் கேட்காதே. கையால்தான் பார்க்க வேண்டும், அதுவும் அப்பா சட்டம்தான். 8,600 வரைக்கும் உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும், ஆயிரத்துக்கு மேல் வரும். தினமும் பத்துப் பதினைந்து போட்டாயானால் ஓணம் தாண்டி முடிப்பாய். அதுவரை என் காலைப் பற்றி நினைக்க உனக்கு நேரமிருக்காது.

இங்கே மழை பிடித்துவிட்டது. அட்டை, மூடுபனி, போன வாரம் வாழையைத் தின்றுவிட்டுப் போன ஆனை, எல்லாரும் சௌக்கியம். ஜீப்காரன் சத்தியதாஸ் வித்துரா போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பான். மொபைலுக்கு இங்கே ரேஞ்ச் இல்லை என்பது ஆண்டவர் எனக்குச் செய்த உபகாரம். இல்லாவிட்டால் தினமும் மூன்று வேளை உன்னிடம் திட்டு வாங்க வேண்டும்.

அன்புடன்,
ஞானசிகாமணி


குன்னுக்குழி
14 ஜூலை 2023

61

அண்ணே,

நான் நன்றாக இருக்கிறேன், அது கிடக்கட்டும். உனக்கு என்ன?

உன் எண்ணை வகுக்கத் தொடங்கினேன். 7-ல் இரண்டு மிச்சம், 13-ல் எட்டு மிச்சம், 17-ல் பதின்மூன்று. சரி, மாஷ் நல்ல எண்ணாகத்தான் பொறுக்கியிருக்கிறார் என்று காப்பி போட எழுந்தேன். திரும்பி வந்து 19-ஐப் போட்டால் மிச்சம் சுழி! பத்தொன்பதால் வகுபடுகிறது. காப்பி அப்படியே ஆறிப்போச்சு.

நீ தெரியாமல் தப்பான எண் போடுகிற ஆளா? முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையும் உன் கணக்கில் பிழை கண்டுபிடித்ததில்லை. அப்படியானால் தெரிந்துதான் போட்டிருக்கிறாய். வாயால் செருப்பு என்கிறாய், எண்ணால் வேறு ஏதோ சொல்கிறாய். அப்பா இருந்திருந்தால் நேரே தம்பானூருக்குப் போய் பஸ் ஏறியிருப்பார். நானும் பையெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. மகள் லிபி அயர்லாந்திலிருந்து, "அம்மா, முதல்ல மாமனுக்கு எழுதிக் கேளு, மழையில மண்ணிடிஞ்சு கெடக்கு" என்று பிடித்து நிறுத்தினாள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வரி போதும். உண்மையாக எழுது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றாலும் அப்படியே.

சரசம்மா


போனக்காடு
25 ஜூலை 2023

7393913

பிரியமுள்ள சரசு,

சுகம், சுகம், சுகம். பையைப் பிரித்து வை.

63-ல் மூன்று பத்தொன்பது 57. மிச்சம் ஆறு. நீ எழுதிய ஆறு சுழியாகச் சுருண்டிருக்கும், அதைச் சுழியென்றே வாசித்துவிட்டாய். கூட்டுறவுச் சங்கத்தில் இத்தனை காலம் கணக்கு எழுதியவள்! நீ ரிட்டயர் ஆன பிறகும் அந்தச் சங்கம் இடியாமல் நிற்கிறதே, அதைச் சொல்.

எட்டு இலக்கம் உனக்குக் கனத்துப்போச்சு என்று தோன்றுகிறது. கடைசியில் இருந்த 3-ஐ எடுத்துவிட்டேன். இப்போது 2,719 வரைக்கும் பார்த்தால் போதும்.

அதிகம் எழுத முடியவில்லை, சத்தியதாஸ் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறான்.

ஞானசிகாமணி


குன்னுக்குழி
10 ஆகஸ்ட் 2023

61

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமென்று எண்ணும் சொல்கிறது, நம்புகிறேன். ஆறு மிச்சம்தான், மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வெட்கமாகப் போச்சு. இதை லிபியிடம் சொன்னால் சிரித்துச் சிரித்துப் புரையேறுகிறது அவளுக்கு.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நீயும் சிரித்துக்கொள். கணக்கு தப்பு என்று தெரிந்த பிறகும் உள்ளே இருந்த பதற்றம் போகவில்லை. ஒரு தடவை வீணாகப் பயந்துவிட்டதால் இப்போது பயப்படவே கூச்சமாக இருக்கிறது. பயந்தால், "சரசம்மா மறுபடி ஆறைச் சுழியாக்குகிறாள்" என்று நானே என்னைக் கேலி செய்கிறேன். அதனால் பயத்தை அடக்கி வைத்துக்கொண்டு வகுக்கிறேன். சபை அறிவிப்புத் தாளின் பின்பக்கம், கரண்டு பில், கையில் கிடைத்ததெல்லாம் வகுத்தல்தான். போன ஞாயிறு பிரசங்க நேரத்தில் 883-ஐப் போட்டுக்கொண்டிருந்தேன். உபதேசியார் நான் குறிப்பெடுக்கிறேன் என்று நினைத்து வாசலில் வைத்துப் புகழ்ந்தார்.

ஓணத்துக்கு இங்கே வா. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? அடைப் பிரதமன் பாயசம் வைக்கிறேன், உனக்கு மணம் மட்டும். ஒரு நாள் என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடு. உன்னைக் கண்ணால் பார்த்தால் இந்த வகுத்தலை எல்லாம் குப்பையில் போட்டுவிடுவேன்.

வருவாய்தானே?

சரசம்மா


போனக்காடு
2 செப்டம்பர் 2023

739391

பிரியமுள்ள சரசு,

நலம். நீயும் நலமாக ஓணம் உண்டிருப்பாய்.

வர முடியவில்லை. இலை போட்டுக் காத்திருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், திட்டிக்கொள். மழையில் சர்க்கார் பஸ், நம்ம ஆனவண்டி, பாதி வழியில் திரும்பிவிடுகிறது. ஜீப்பில் வரலாம் என்றால் சத்தியதாஸுக்கு ஓணச் சவாரி.

இன்னொரு 3-ஐயும் எடுத்துவிட்டேன். 859 வரை பார். உனக்குச் சுலபமாக்கிக்கொண்டே வருகிறேன்.

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். மேலே ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. அது எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிடுகிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு.

ஞானசிகாமணி


(அஞ்சலட்டை)
20 செப்டம்பர் 2023

73939

சரசு, நலம். நல்ல மழை. 271 வரை பார்.

ஞா.


குன்னுக்குழி
4 அக்டோபர் 2023

91

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு கையகல அட்டையில் மூன்று வாக்கியம். சர்க்கார் ஆபீஸிலிருந்து வருகிற நோட்டீஸ்கூட இதைவிட அன்பாக இருக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் வழக்கம்போல் கேட்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதை மூலையில் பார்.

739391-ஐ 859 வரைக்கும் வகுத்துவிட்டேன். 73939-ஐ 271 வரைக்கும். எதுவும் வகுக்கவில்லை, இரண்டும் பகா எண். பிறகு சும்மா இருக்க முடியாமல் நீ செய்கிறதை நானே செய்து பார்த்தேன். வாலை வெட்டினால் 7393, பகா எண். இன்னும் வெட்டினால் 739, அதுவும். 73, அதுவும். 7, அதுவும். என்ன எண் அண்ணே இது! வாலை வெட்ட வெட்ட முழுசாகவே நிற்கிறது. பல்லிகூட வால் போனால் கொஞ்சம் துடிக்கும்.

முதலில் ஆசையாகத்தான் இருந்தது. மாஷ் எனக்காக எங்கிருந்தோ ஒரு வினோத எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று லிபியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் போனை வைத்த பிறகு ஒரு கேள்வி வந்தது, வந்தது போகவேயில்லை. எனக்குச் சுலபமாக்கத்தான் வெட்டுகிறாய் என்றால் ஒரேயடியாக இரண்டிலக்கம் தந்திருக்கலாமே. ஏன் கடிதத்துக்கு ஒன்றாக வெட்டுகிறாய்? எண் குட்டையாகக் குட்டையாக உன் கடிதமும் ஏன் குட்டையாகிறது? கடைசியில் அந்த ஏழையும் வெட்டினால் மூலையில் என்ன இருக்கும்?

அப்புறம், போனக்காட்டில் ஃபேன் எதற்கு? மேட மாசக் கோடையிலேயே அங்கே கம்பளி வேண்டும். நீ இருக்கும் அப்பா குவார்ட்டர்ஸில் ஃபேன் மாட்டக் கொக்கிகூடக் கிடையாது.

தரையில் ஊசி பரப்பினது போல ஓரிடத்தில் நிற்க முடியாமல் சுற்றி வருகிறேன். ஒழுங்காகப் பதில் எழுது.

சரசம்மா


போனக்காடு
17 அக்டோபர் 2023

7393

பிரியமுள்ள சரசு,

சுகம். உன் கடிதம் வாசித்துச் சந்தோஷப்பட்டேன்.

கண்டுபிடித்துவிட்டாய். கெட்டிக்காரி. வலது பக்கமிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் கடைசிவரை பகா எண்ணாக நிற்கிற எண்கள் கொஞ்சம்தான் உண்டு, நூறுகூட வராது. அவற்றில் மிகப் பெரியது இந்த எட்டிலக்கம்தான். அதோடு முடிந்தது. ஒன்பதாவதாக எந்த இலக்கத்தைப் பின்னால் சேர்த்தாலும் உடைந்துவிடும். இரட்டைப்படையோ ஐந்தோ சேர்த்தால் உனக்கே தெரியும். ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் மூன்றால் வகுபடும். மூன்றும் ஒன்பதும் கொஞ்சம் சிரமப்படுத்தும், ஆனால் அவையும் உடையும். இருக்கிறதை எடுத்துக்கொள்ளலாம், புதிதாக ஒருவரைப் பக்கத்தில் நிறுத்த முடியாது. நல்ல எண். எனக்குப் பிடித்துப்போச்சு.

மழை குறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞானசிகாமணி


(அஞ்சலட்டை)
3 நவம்பர் 2023

739

நலம்.

ஞா.


மெடிக்கல் காலேஜ், வார்டு வாசல்
11 நவம்பர் 2023

739391331

அண்ணே,

உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. டாக்டர் மஹேஷிடம் விசாரித்தாகிவிட்டது.

நீ படுத்திருக்கும் வார்டுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கத்து சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடையில் ஒரு கதவும் ஒரு செக்யூரிட்டியும்தான். நான் எப்படி வந்தேன் என்று கேள்.

போன மாதம் நான் 91 என்று போட்டேன். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும், ஏழும் பதின்மூன்றும் பெருக்கினால் வருவது. பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏமாறும். நீ ஏமாற மாட்டாய். உனக்கு எழுதத் தொடங்கியதிலிருந்து சும்மா ஒரு நாளும் நான் வகுபடும் எண்ணைப் போட்டதில்லை. எனக்குச் சுகமில்லை என்று மூலையில் எழுதியிருக்கிறேன், என் அண்ணன் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாய், கெட்டிக்காரி என்கிறான். ஃபேனைப் பற்றியும் மூச்சு இல்லை. நீ கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன், அந்தப் பயம்தான் உனக்கு. பிறகு அந்த 739 அட்டை வந்தது. 'நலம்' என்கிற மூன்றெழுத்து அட்டையின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தில் சரிந்து கிடந்தது. 73-க்கும் 7-க்கும் காத்திருக்க என்னால் ஆகாது என்று பையை எடுத்தேன்.

நேற்றுக் காலை தம்பானூரில் ஏறினேன். வித்துராவில் மாறி, ஆனவண்டியில் போனக்காடு. வழியெல்லாம் ரோடு சுத்தமாக இருந்தது, பஸ் எங்கேயும் பாதியில் திரும்பவில்லை. உன் வீட்டில் பூட்டு. பூட்டில் துரு. பக்கத்து எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் பிந்து துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மாஷ் ஜூலைல, கர்க்கடகம் பொறந்ததுமே எறங்கிப் போயிட்டாரே சேச்சி" என்றாள். "ஒங்களுக்கு அறியாதா? ஒங்க ஊர்லதான இருக்காரு."

எங்கள் ஊர்! நான் அங்கே கிடந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிப்போய்ச் சத்தியதாஸைக் கூட்டி வந்தாள். அவன் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். வித்துரா தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

"மாஷ் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருக்கா. எனக்க தங்கச்சி ஒரு தடவ அந்த வார்டில கெடந்து தேஞ்சு போனா, ரெண்டாம் தடவ வேண்டாம்னாரு. கூட நிக்க ஒரு பைஸ்டாண்டர் இல்லாம வார்டில கெடத்த மாட்டாங்க, அதான் நான் நின்னேன். இன்னைக்கு ஒரு நாள்தான் வீட்டப் பாக்க ஏறி வந்தேன். நடுவுல தம்பானூர்ல லாட்ஜ் ரூம் எடுத்து வச்சிருந்தோம், டிரெஸ்ஸிங்குக்குப் போய்வர. நீங்க எழுதுறத நான் எடுத்துட்டு வருவேன், அவரு கடுதாசிய வித்துராவில கொண்டு போடச் சொல்லுவாரு, தபால் சீல் அங்கத்தது இருக்கணும்னு."

"காலுக்கு என்னலே?" என்று கேட்டேன்.

"மொதல்ல சுண்டுவிரல எடுத்தாங்க. அப்புறம் அடுத்தது. அப்படியே ஒவ்வொண்ணா. போன வாரம் பெருவிரலும் போச்சு. வலதுகால்ல இப்ப ஒண்ணும் இல்லக்கா."

ஐந்து விரல். எட்டிலக்கத்தில் ஐந்து போனால் மூன்று. 739.

அண்ணே, அந்த ஜீப்பில் நான் வாய்விட்டு அழுதேன். சத்தியதாஸ் பாவம், வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெளியே போய் நின்றான். அழுது முடிந்ததும் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. ஜூன் மாதம் நீ மூலையைக் காலியாக விட்டாயே, அன்றைக்கே உனக்குத் தெரியும். பகா எண் போட மனசாட்சி விடவில்லை, வகுபடும் எண் போட மனசு வரவில்லை. நான் கேட்டதும் உட்கார்ந்து யோசித்திருக்கிறாய். எத்தனை வெட்டினாலும் 'சுகம், சுகம்' என்றே சொல்கிற ஒரு எண்ணைத் தேடி எடுத்திருக்கிறாய். சுகமாக இருக்கிறவன் கடிதத்துக்குக் கடிதம் புது எண் போடுவான். நீ எட்டுக் கடிதத்துக்கான சுகத்தை அன்றைக்கே மொத்தமாக எடுத்து வைத்துவிட்டாய். ஆயிரம் வகுத்தலை என் தலையில் கட்டிவிட்டு அந்த நேரத்தில் நீ மலையிறங்கி வந்து படுத்துக்கொண்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு காலையே பகா எண்ணில் மறைத்துவிட்டாயே! எண்ணில் பொய் கூடாது என்றுதானே சட்டம்? எண் பொய் சொல்லவில்லைதான். அது சுகமாகத்தான் இருந்தது, நீதான் இல்லை.

டாக்டர் மஹேஷ் எல்லாம் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, இந்த வாரம் தாண்டினால் விஷம் மேலே ஏறும், பிறகு தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நாலு நாளாக நீ சம்மதம் கொடுக்கவில்லையாம். கூடக் கையெழுத்துப் போடச் சொந்தக்காரர் யார் என்று கேட்டதற்கு "யாருமில்லை" என்றாயாம். "நீங்க ஆரு?" என்று அவர் என்னைக் கேட்டபோது எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே! இங்கேயிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் என் வீடு. ஓணத்தன்று நான் இலை போட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இங்கே ஃபேனை எண்ணிக்கொண்டு கிடந்தாய்.

உண்மையைச் சொல்கிறேன். இன்றைக்குக் காலையில் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றேன். அந்த மருந்து வாசனை வந்ததும் கால் பின்னாலேயே போனது. உன் மச்சானைக் கொண்டுபோன அதே கேட். மூன்று தடவை ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அது என் கஷ்டம், நான் பட்டுக்கொள்கிறேன். என் பயத்தைச் சாக்காக வைத்து நீ செத்துப்போகலாம் என்று உனக்கு யார் சொன்னது? தெம்பில்லை என்று நான் சொன்னது துக்கத்தில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு என்னை அனாதையாக்கப் பார்க்கிறாயே, உனக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறதா?

இப்போது மூலையைப் பார். உன் எட்டிலக்கத்தையும் திரும்ப எழுதி, ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். சேர்த்தால் உடையும் என்று நீயேதான் எழுதினாய். இலக்கங்களைக் கூட்டு, முப்பத்தொன்பது. மூன்றால் வகுபடும். உடையட்டும் அண்ணே. வகுபடும் எண்ணைக் கண்டால்தான் அப்பா பஸ் ஏறுவார். இப்போது அப்பா இல்லை, நான் ஏறி வந்திருக்கிறேன்.

ஒரு நோயாளிக்கு ஒரு பைஸ்டாண்டர் பாஸ்தானாம். அது சத்தியதாஸ் கழுத்தில் கிடக்கிறது. அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன். பாஸ் எனக்கு வர வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லியனுப்பினாலும் இந்தத் திட்டை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை. பதிலை இதே தாளின் பின்பக்கம் எழுது. எண்ணோடு எழுது.

உன் தங்கச்சி,
சரசம்மா


(அதே தாளின் பின்பக்கம்)

739391331

சரசு,

வகுத்துப் பார்த்தேன். 246463777. மிச்சமில்லை.

சுகமில்லை. வலிக்கிறது. ஜூனிலிருந்தே வலிக்கிறது.

பாஸைச் சத்தியதாஸிடமிருந்து வாங்கிக்கொள். டாக்டர் தந்த தாள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் போட்டுவிட்டேன், உன் கையெழுத்துதான் பாக்கி. பேனாவோடு உள்ளே வா.

அண்ணன்